பதில் சொல்லாத பன்னிரண்டு திரைகள்

கணினித் தொழில்காரர்களான நீங்கள், நான் கண்டுபிடித்த பிழைகளைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். அவை கொஞ்சம்தான். நானே செய்த பிழைகளைப் பற்றிப் பேசுவதென்றால் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், வேண்டும், உங்களுக்கு வேலை இருக்கிறது. ஆகவே இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே ஒரு கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இதில் இரண்டு பொய்கள் வருகின்றன. ஒன்று இரக்கத்தில் சொன்னது. மற்றது நான் சொன்னது.

சமாதானப் பேச்சு முறிந்து போர் திரும்பவும் தொடங்கியிருந்த ஆண்டுகள். கண்டியில் வெடிச் சத்தம் இல்லை. ஆனால் ஊருக்குள் வரும் வழியெல்லாம் சோதனைச் சாவடி இருந்தது. நான் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு கொழும்பை விட்டு வந்து, கண்டியில் ஒரு ஹாஜியாரின் கணினிக் கடையில் திருத்துநராக ஒட்டிக்கொண்டவன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று என் அடையாள அட்டை சொல்லும். அந்த அட்டையை எடுத்து நீட்டும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

மடுல்கெல்லைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பழைய பிள்ளைக் காம்பரா ஒன்று சும்மா கிடந்தது. அதில் பன்னிரண்டு கணினிகளை வைத்து ஒரு வகுப்பு நடந்தது. கணினிகள் ஏதோ வெளிநாட்டு அலுவலகம் வேண்டாமென்று கழித்து, நல்ல மனதோடு வான் வண்டியில் ஏற்றி அனுப்பியவை. பணம் கொடுத்து வாங்கத் தேவையில்லாத, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய இயங்குதளத்தை நான் அவற்றில் போட்டிருந்தேன். வகுப்பை நடத்தியவர் செல்வராணி. அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, உயர்தரம் படித்து முடித்து, வேறு வேலை எதற்கும் போகாமல் இந்த முப்பது பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்திருந்தார். வயது இருபத்து மூன்று. அந்த அறை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போது எனக்கு அரைவாசிதான் விளங்கியிருந்தது.

அறை துரையுடையது. அதாவது தோட்டத்து அதிகாரியுடையது. அவருக்கு உரம் வைக்க இடம் போதவில்லை. "அடுத்த கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன். வகுப்பு ஒழுங்காக நடந்தால் அறை உங்களுக்கு. இல்லாவிட்டால் உரத்துக்கு" என்று சொல்லியிருந்தார்.

அவர் அப்படிச் சொன்ன மறுநாள் வெள்ளிக்கிழமை. துரை வருமுன் எல்லாவற்றையும் பளபளப்பாக்கி வைப்போம் என்று, யாரும் கேட்காமலே, பன்னிரண்டு இயந்திரங்களுக்கும் புதிய கேர்னல் போட்டேன். உங்களோடு வந்திருக்கும் வீட்டாருக்காகச் சொல்கிறேன், கேர்னல் என்பது இயங்குதளத்தின் அடுப்படி. விறாந்தையில் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அங்கே ஏதாவது கருகினால்தான் தெரியும்.

பன்னிரண்டுக்கும் ஒரே மூச்சில் போட்டேன். ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போகலாமே என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. எனக்கு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப இயக்கினோம். விசிறிகள் சுற்றின. பச்சை விளக்குகள் எரிந்தன. திரைகள் பன்னிரண்டும் கறுப்பு.

"சார், எல்லாமே இருட்டாயிருச்சுங்க."

"கொஞ்சம் பொறும் பிள்ளை. வரும்."

"பத்து நிமிசமாச்சுங்க."

"ஈரம் பிடிச்சிருக்கும்" என்றேன். மலைநாட்டில் எதற்கும் ஈரத்தைப் பழி சொல்லலாம். பன்னிரண்டுக்கும் ஒரே நிமிடத்தில் எப்படி ஈரம் பிடிக்கும் என்று செல்வராணி கேட்கவில்லை. அவர் நல்ல பிள்ளை. அந்த நல்ல குணம்தான் பின்னால் எனக்கு ஐந்தாறு நாளைத் தின்றது.

மறுநாள் கடையில் ஹாஜியார் கேட்டார். அவருக்குக் கணினியைத் திறந்து மூடத் தெரியாது. ஆனால் கடை நடத்தத் தெரியும்.

"என்ன தம்பி, பழசு நல்லாத்தானே வேல செஞ்சிச்சி?"

"ஓம், ஹாஜியார்."

"அப்ப பழசையே போட்டுட ஏலாதா?"

"ஏலாது. புதுசு போட்டா பழசு அழிஞ்சிடும்."

இதுதான் என் பொய். இயந்திரங்களில் அழிந்தது உண்மை. ஆனால் பழையது இருந்த இறுவட்டு, அதாவது சீடி, என் மேசை லாச்சியில் படுத்துக் கிடந்தது. அரை நாள் வேலை. அதைப் போட்டால், நான் யாரும் கேட்காத வேலையைச் செய்து வகுப்பைக் கெடுத்தேன் என்று ஆகிவிடும். கெட்ட மாற்றம் எது என்று கண்டுபிடித்துவிட்டாலோ, நான் கண்டுபிடித்தவன் ஆகிவிடுவேன். லாச்சியைப் பூட்டினேன். அதே பொய்யைச் செல்வராணிக்கும் தொலைபேசியில் சொன்னேன்.

எங்கள் கடை மேசையில் அதே புதிய கேர்னல் எல்லாத் திரையிலும் அழகாக வேலை செய்தது. மடுல்கெல்லையில் மட்டும்தான் கறுப்பு. இந்த இடத்தில் மூளை உள்ள எவனும் அங்கிருந்து ஒரு பெட்டியைக் கண்டிக்குக் கொண்டுவந்து பார்ப்பான். எனக்கும் அது தோன்றியது. ஆனால் மடுல்கெல்லை பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நிற்கும். எல்லாரும் இறங்கிச் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன், உள்ளே வயர் நிறைந்த இரும்புப் பெட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அந்தக் காலத்தில் அந்தப் பாலத்துக்கு வருவதா? நான் பயந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. பயத்தைச் சொல்லாமல், "விஞ்ஞான முறைப்படி தேடப்போகிறேன்" என்று ஹாஜியாரிடம் சொன்னேன்.

அந்த முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய கேர்னலுக்கும் புதியதுக்கும் இடையில் நாலாயிரத்துச் சொச்சம் மாற்றங்கள். அவற்றில் ஒன்று கெட்டது. நடுவில் வெட்டி ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். திரை வந்தால் முன்பாதி நல்லது, வராவிட்டால் கெட்டது முன்பாதிக்குள் இருக்கிறது. மிஞ்சிய பாதியைத் திரும்பவும் நடுவில் வெட்ட வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று தரம் வெட்டினால் ஆள் அகப்படுவான். நான் கண்டியில் இருந்தபடி ஒவ்வொன்றாகச் செய்து, இறுவட்டில் பதிந்து, இலக்கம் எழுதி, மடுல்கெல்லை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். காலையில் ஒன்று, பகலில் ஒன்று. செல்வராணி அதை மூன்றாம் இலக்க இயந்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொல்வார். வகுப்பறையில் இருந்த கம்பியில்லாத் தொலைபேசி ஜன்னலோரம் ஒரு முழ இடத்தில் மட்டுமே பேசும். அதனால் ஒவ்வொரு முடிவும் காற்றுச் சத்தத்தோடுதான் வரும்.

"ஒண்ணு, வரலீங்க சார்." "ரெண்டு, வந்துச்சுங்க சார்." "மூணு, வரலீங்க."

நான் கொப்பியில் எழுதுவேன். ஒன்று கெட்டது. இரண்டு நல்லது. மூன்று கெட்டது. நான்கு நல்லது. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது, எட்டாவது எல்லாம் தொடர்ந்து கெட்டது. எட்டாவதன் பிறகு நான் தொலைபேசியில் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

ஒன்பதாவது மதியம் வந்தது. "வந்துச்சுங்க சார்."

எனக்குக் கடையில் குதிக்காத குறை. அதன்பின் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. நாலும் கெட்டது. ஒரு "நல்லது" வந்து, பிறகு வந்த எல்லாமே வரிசையாகக் "கெட்டது" என்றால், அந்த நல்லதைத் திரும்பவும் பார்க்க வேண்டும். இதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை, இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். பதின்மூன்று வெட்டும் முடிந்து, குற்றவாளி என் முன்னால் நின்றான்.

யார் தெரியுமா? ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒரு மனிதர். ஒலிச் சாதனம் ஒன்றின் கோப்பில் தன் பழைய மின்னஞ்சல் முகவரியை எடுத்துவிட்டுப் புதிய முகவரியை எழுதியிருந்தார். அவ்வளவுதான் அந்த மாற்றம். இயந்திரம் வாசிக்காமல் தாண்டிப் போகும் ஒரு வரி.

இதைப் பார்த்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. ஒரு கிழமை உழைத்துப் பிடித்த திருடனை விட மனம் வருமா? "எப்படி என்பது தெளிவாகவில்லை, ஆனால் முறைப்படி நிரூபிக்கப்பட்டிருக்கிறது" என்று உலகத்துக் கேர்னல்காரர் எல்லாரும் வாசிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். அதில் "பொறுப்பற்ற" என்ற சொல்லும் இருந்தது.

திங்கட்கிழமை அந்த மனிதரிடமிருந்து பதில் வந்தது. என் முகவரியால் இலங்கையில் பன்னிரண்டு திரைகளை அணைக்க முடிகிறது என்று அறிந்து பெருமைப்படுகிறேன், என் மனைவியிடமும் சொன்னேன், என்று தொடங்கியிருந்தார். கடைசியில் ஒரே ஒரு வரி வேலைக்குரியது. உங்கள் சோதனைகளில் ஒன்று பொய் சொல்கிறது, அது எது என்று பாருங்கள்.

எத்தனை பேர் அந்தக் குழுவில் சிரித்திருப்பார்கள் என்று நினைத்து இரண்டு நாள் நான் கடையில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. இருந்தும் வெட்கம்.

புதன்கிழமை ஒன்பதாம் இறுவட்டுப் பிரதியை எடுத்துக்கொண்டு நானே மடுல்கெல்லைக்குப் போனேன். செல்வராணி பக்கத்தில் நிற்க, மூன்றாம் இயந்திரத்தில் போட்டேன். கறுப்பு.

"பிள்ளை, இது வந்தது எண்டெல்லோ சொன்னீர்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வரலீங்க சார்."

"அப்ப ஏன் வந்தது எண்டு சொன்னீர்?"

"கொண்டக்டர் அண்ணே சொன்னாருங்க. பஸ் ஸ்டாண்டுல நீங்க தலையில கைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்களாம். கண்ணுல தண்ணி வந்துச்சாம். பாவமா இருந்துச்சுங்க. ஒரு தடவையாச்சும் நல்ல சேதி சொல்லுவோம்னு..."

"எனக்குத் தடிமன் பிள்ளை. தடிமனில மூக்கும் ஒழுகும், கண்ணீரும் வரும்."

"அது எனக்குத் தெரியாதுங்களே."

கோபித்தேன். கொஞ்சம் சத்தமாகவே கோபித்தேன். ஒரு பொய் எத்தனை நாளைத் தின்றிருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். லாச்சியில் கிடக்கும் இறுவட்டு அந்த நேரம் என் நினைவுக்கு வரவே இல்லை. அடுத்தவருடைய பொய் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும்.

துரை வர இரண்டு நாள்தான் இருந்தது. இனித் திரும்ப வெட்டி, பஸ்ஸில் அனுப்பி, ஜன்னலோரம் பதில் கேட்க நேரம் இல்லை. மூன்றாம் இயந்திரத்தைக் கழற்றி உரச் சாக்கில் சுற்றினேன். பயம் இருந்தது. ஆனால் அந்த மின்னஞ்சல் குழுவின் முன் திரும்பவும் முட்டாளாவதை விட, பாலம் அன்று சிறியதாகத் தெரிந்தது.

கட்டுகஸ்தோட்டையில் எல்லாரும் இறங்கினோம். மழைத் தூறல். சார்ஜன்ட் என் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார். சிங்களத்தில் நடந்த பேச்சை உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன், ஐயா என்பதற்கு அவர் சொன்ன 'மாத்தயா'வை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"இது என்ன, மாத்தயா?"

"கணினி."

"திரை எங்கே?"

"தோட்டத்தில்."

"இது வேலை செய்யுமா?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. பாதுகாப்பான பதில் வேறாக இருந்தது. இரண்டையும் சேர்த்து, "வேலை செய்யும். ஆனால் ஒன்றும் தெரியாது" என்றேன். பக்கத்தில் நின்ற பயணிகள் என்னிடமிருந்து இரண்டடி நகர்ந்தார்கள்.

பையைத் திறக்கச் சொன்னார். இறுவட்டுகள், ஒவ்வொன்றிலும் இலக்கம். கொப்பியில் ஒரு பட்டியல், ஒவ்வொரு இலக்கத்துக்கும் எதிரே சிவப்பு மையில் நல்லது, கெட்டது, கெட்டது, கெட்டது.

"இந்தக் கெட்டவர்கள் யார்?"

"ஆட்கள் இல்லை. மாற்றங்கள். நாலாயிரத்தில் ஒன்று கெட்டது. அதைத் தேடுகிறேன்." பயத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. நடுவில் வெட்டுவதை, பாதியை விடுவிப்பதை, மிஞ்சியதைத் திரும்ப வெட்டுவதை எல்லாம் சொன்னேன். சார்ஜன்ட் கவனமாகக் கேட்டார்.

"பன்னிரண்டு தரத்தில் ஆள் அகப்படுவானா?"

"அகப்படுவான். யாரும் பொய் சொல்லாவிட்டால்."

"எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. நாங்கள் எல்லாரையும் இறக்குகிறோம்" என்றார். அவர் பகிடி விட்டாரா, உண்மையாகவே வருந்தினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அப்போது கொண்டக்டர் உதவிக்கு வந்தார். "இவரை எனக்குத் தெரியும் சார். பயப்பட ஒன்றும் இல்லை. இவர் கணினிக்காக அழுகிற ஐயா."

சாவடியை ஒட்டிய அறையில், வந்து போகிறவர்களின் பெயர்களைப் பதிய ஒரு கணினி இருந்தது. அதன் திரையைக் கழற்றி இதில் மாட்டிக் காட்டுங்கள் என்றார்கள். படம் வந்தால் கணினி. வராவிட்டால், அது என்ன என்பதை மேலிடம் தீர்மானிக்கும். அன்று என் கண் முன்னாலேயே கறுப்பாக நின்ற பெட்டி அது. வராது என்று எனக்குத்தான் விஞ்ஞான முறைப்படி தெரியுமே. மின்சாரத்தைப் போட்டேன். விசிறி சுற்றியது. ஆறேழு சிப்பாய்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திரை பளிச்சென்று வந்தது. வகுப்புப் பிள்ளை ஒன்று வரைந்த கோழி. பக்கத்தில் இருந்த வீட்டை விடப் பெரிய, செம்மஞ்சள் நிறக் கோழி.

"கோழி" என்றார் சார்ஜன்ட். "சரி மாத்தயா, போகலாம்."

"இல்லை. இது வரக்கூடாது" என்றேன்.

"என்ன?"

"இது வரவே கூடாது. எங்கோ பிழை இருக்கிறது. தயவுசெய்து ஐந்து நிமிடம் தாருங்கள்."

தன்னை விட்டுவிட்ட சாவடியை விட்டுப் போகமாட்டேன் என்று நின்ற ஒரே தமிழன் அந்த ஆண்டில் நானாகத்தான் இருப்பேன். நிறுத்தினேன், திரும்பப் போட்டேன். கோழி. இன்னொரு முறை. கோழி. சார்ஜன்ட்டின் முகத்தில் முதல்முறையாக உண்மையான சந்தேகம் வந்தது. நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பெட்டி அதே பெட்டி, கேர்னல் அதே கேர்னல். மாறியது திரை மட்டும்தான். திரையின் வயரைக் கழற்றி, முனையைத் திருப்பி ஊசிகளை எண்ணினேன். பதினைந்து ஊசிக்கு இடம், பதினான்கு ஊசி இருந்தது. சாவடி வாசலில் நின்றே கைத்தொலைபேசியில் செல்வராணியை அழைத்தேன்.

"பிள்ளை, திரை வயரின்ர முனையில எத்தினை ஊசி இருக்கு எண்டு பாரும். கண்ணால பாத்து எண்ணும். எனக்காக ஒண்டும் கூட்ட வேண்டாம்."

ஜன்னலுக்கும் மேசைகளுக்கும் நடந்து நடந்து அவர் பன்னிரண்டையும் எண்ணிவிட்டு வந்தார். "எல்லாத்துலயும் பன்னெண்டுதாங்க சார். கூட்டல, கொறைக்கல. ஒரு வயர எலி கடிச்சிருக்கு. அதையும் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் விஷயம். அந்தப் பழைய திரைகளில் இல்லாத ஊசிகள், 'நீ யார்?' என்று கணினி கேட்கும்போது திரை பதில் சொல்வதற்கான ஊசிகள். பழைய கேர்னல் கேட்கும். பதில் வராவிட்டால், சரி போகட்டும் என்று ஏதோ ஒரு படத்தை அனுப்பிவிடும். புதியது கறார். கேட்கும், பதில் வராவிட்டால் அங்கே திரையே இல்லை என்று முடிவு செய்து ஒன்றையும் அனுப்பாது. இதைச் செல்வராணிக்கு விளங்கப்படுத்தினேன்.

"எங்கப்பாகிட்டயும் ஐடி கார்டு இல்லீங்க சார். பொறந்த பதிவு இல்லன்னு குடுக்க மாட்டேங்கிறாங்க. அந்தப் பாலத்த தாண்டி நாலு வருசமாச்சு. அதுக்காக எங்கப்பா இல்லன்னு ஆயிருமாங்க?"

நான் நின்றிருந்தது அந்தப் பாலத்தடியில். என் அட்டை சட்டைப் பையில் இருந்தது. அதை நீட்ட வேண்டியிருப்பதைப் பற்றி இருபது வருடமாக எனக்குள் புலம்பிக்கொண்டிருந்தவன் நான். நீட்டுவதற்கு அட்டையே இல்லாதவர் வீட்டை விட்டு அசைவதே இல்லை என்பதை அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். "ஆகாது பிள்ளை" என்றேன்.

வியாழக்கிழமை அந்தப் பெட்டியோடு திரும்ப மடுல்கெல்லைக்குப் போனேன். 'அங்கே திரை இருக்கிறது, நம்பு' என்று கேர்னலுக்குத் தொடக்கத்திலேயே சொல்லும் ஒரு வரியை ஒவ்வொன்றிலும் எழுதினேன். ஒவ்வொன்றாகக் கோழி வந்தது. பதினொன்று வந்தன. எலி கடித்த வயருள்ள பன்னிரண்டாவது வரவில்லை. அது உள்ளே எரிந்தே போயிருந்தது.

துரையின் வருகைக்குக் காவலாகப் பழைய இறுவட்டையும் பையில் கொண்டுபோயிருந்தேன். பேனை தேடிய செல்வராணியின் கையில் அது அகப்பட்டது. மேலே என் கையெழுத்தில் பழைய கேர்னலின் இலக்கம்.

"சார், இது பழசு தானுங்களே?"

"ஓம்."

"அழிஞ்சிருச்சுன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னனான்."

"அப்ப மொத நாளே இத போட்டிருந்தா?"

"அண்டைக்கே எல்லாம் வந்திருக்கும்."

செல்வராணி மேசையில் இருந்த ஒரு கட்டுத் தாளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் எழுத்துகள். "ரெண்டு வாரமா புள்ளைங்க இதுலதாங்க டைப் அடிச்சாங்க. நான் ஒரு தடவதான் பொய் சொன்னேன் சார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மின்னஞ்சல் குழுவின் முன்னால் பட்ட வெட்கம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முப்பது பிள்ளைகள் தாளில் தட்டிக்கொண்டிருக்க, நான் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். முதலில் வேலை செய்கிறவர்களுக்குத் திரையைக் கொடுங்கள், பிறகு எவ்வளவு காலம் வேண்டுமென்றாலும் தேடுங்கள். ஹாஜியார் முதல் நாளே சொன்னது இதைத்தான்.

வெள்ளிக்கிழமை துரை வந்தார். பன்னிரண்டாவது திரைக்கு மேல் நான் ஒரு துணியைப் போட்டு, அதன் மேல் ஒரு பூச்சாடியும் வைத்திருந்தேன். வெட்கம் ஒரு நாளைக்குமேல் தாங்காது பாருங்கள். துரை அறையைச் சுற்றி வந்தார். பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் வேலை செய்கிறதா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வராணி, "பதினொண்ணுதாங்க தொர வேல செய்யுது. பூச்சாடிக்குக் கீழ இருக்கறது செத்துப்போச்சு" என்றார்.

துரை பூச்சாடியைத் தூக்கி, துணியை விலக்கி, கறுப்புத் திரையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு செல்வராணியிடம் திரும்பினார். "இந்தத் தோட்டத்தில் ஒரு இயந்திரம் பழுதென்றால் அது தீப்பிடித்த பிறகுதான் எனக்குச் சொல்வார்கள். கேட்டவுடன் சொன்ன முதல் ஆள் நீதான். உரத்துக்கு நான் வேறு இடம் பார்க்கிறேன்."

அன்று பின்னேரமே மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். முதலில் அந்த மனிதரிடம் மன்னிப்பு. பிறகு ஊசிக் கணக்கு. கடைசியாக, பதில் சொல்லாதது எல்லாம் இல்லாதது ஆகாது, என்று. அந்தப் பகுதி தன்னுடையது இல்லை என்றாலும், தன்மேல் விழுந்த பழியைத் தீர்க்க அவரே நாலு வரி எழுதித் திருத்தினார். அதைச் செல்வராணி மடுல்கெல்லையில் போட்டுப் பார்த்தார். திருத்தத்தோடு அதைச் சோதித்தவரின் முழுப் பெயரையும் பதிவது இந்தத் தொழிலின் வழக்கம். பெயரைக் கேட்டேன்.

"பழனியாண்டி செல்வராணின்னு போடுங்க சார். பதினொண்ணுல பாத்தேன்னும் போடுங்க. பன்னெண்டுன்னு போட்ராதீங்க."

எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும். அது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? பின்வந்த பதிலில், "பழனியாண்டிக்கு என் மனமார்ந்த நன்றி. பதினொன்று என்று உண்மையைச் சொன்னதற்காகவும்" என்று எழுதியிருந்தார். திருத்தத்தின் மேல், பதில் வராததால் இல்லை என்று முடிவு செய்யாதே, என்ற குறிப்போடு அந்தப் பெயர் கேர்னலுக்குள் போனது. பழனியாண்டிக்கு அடையாள அட்டை வர மேலும் மூன்று வருடம் ஆனது.

அந்தப் பதிலை அச்செடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். லயத்து வாசலில் குந்தியிருந்த தகப்பனுக்குச் செல்வராணி அதைத் தமிழில் சொன்னார். வெளிநாட்டில் ஒருவர் தன் பெயரைச் சொல்லி நன்றி எழுதியிருப்பதை அவர் நம்பவில்லை. தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"எனக்கா? நான் என்னா செஞ்சேன்?"

"நீ ஒண்ணும் செய்யலப்பா" என்றார் செல்வராணி. "நீ இருக்கேன்னு எழுதியிருக்காங்க."